பின் சக்கரத்தில் எவ்வளவு காற்று வைத்தாய்?

அய்யா உண்டு.

என் செல்லத் தம்பி லிங்கத்துக்கு,

நீ மஸ்கட்டிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "யக்கா, அங்க யாரெல்லாம் நிக்கிய?" அதைச் சொல்லி முடிக்காமல் வேறு பேச்சுக்கு நகர விடமாட்டாய். ஆகவே அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நம் முற்றத்தில் இருந்தவர்கள்: நான். உன் அத்தான், ரப்பர் ஷீட் கட்டிய மொபெட்டை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். உன் பெண்டாட்டி செல்வி, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு. உன் மகள் சுபி, தரையில் உட்கார்ந்து, ரத்தம் ஒழுகும் வலது முழங்கையைத் தூக்கிப் பிடித்தபடி. அவளுக்குப் பக்கத்தில் உன் சைக்கிள், பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று பாம்புச் சட்டை போலத் தொங்கிக்கொண்டு. வேறு யாரும் இல்லை. நீ இல்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகும் நினைவு நாள் வருகிறது என்று, அங்கே உன்னோடு மலையில் சைக்கிள் ஓட்டிய கூட்டுக்காரர்கள் என்னிடம் நாலு வரி கேட்டிருந்தார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போடுவார்களாம். உன் நல்ல குணங்களை எழுதத்தான் உட்கார்ந்தேன், லிங்கம். ஆனால் இன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம். நாளை காலையில் சுபி அந்தச் சைக்கிளில் மலை இறங்க வேண்டும், அல்லது இறங்கக் கூடாது. அதை நான் சொல்ல வேண்டும். உன் குணநலன்களுக்கு இப்போது எனக்கு ஏது நேரம்?

முதலில் நீ பெட்டியில் வந்தாய். மண் கொடுத்து, கஞ்சி கொடுத்து, வந்தவர்கள் எல்லாம் போய், வீடு ஒருமாதிரி அடங்கிய பிறகு உன் சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்தது. சக்கரங்களைக் கழற்றி, காற்றை இறக்கி, கூட்டுக்காரர்கள் அழகாகப் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். செல்வி அதைத் தொடவில்லை. உறக்கத்தில் உன் நெஞ்சு நின்றதற்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அவளுக்கு நான் எத்தனை தடவை வாசித்துக் காட்டினாலும், "சைக்கிளோட மலையில சாடிக் குதிச்சுத்தான் மைனி நெஞ்சு கெட்டுது" என்றே சொல்லுவாள்.

பெட்டியைப் பிரித்தது உன் அத்தான்தான். பூட்டியதும் அவர்தான். சுபி அதில் ஏறி உட்கார்ந்த அன்றைக்கு, நீ போன பிறகு முதல்முறையாக அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. அப்புறம் அவளை எப்படித் தடுக்க முடியும்? தடிக்காரன்கோணம் ஜங்ஷனிலிருந்து ரப்பர் தோட்டத்து ஏற்றம் வரைக்கும் அவளும் அந்தச் சைக்கிளுமாகவே திரிந்தார்கள்.

நாகர்கோவில் சைக்கிள் கூட்டம் ஒன்று, கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட் மண்பாதையில் இறக்கத்து ஓட்டம் வைத்திருக்கிறது. சுபி பேர் கொடுத்துவிட்டாள். செல்வி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "எனக்குப் பறைய ஒண்ணும் இல்ல. மைனி சரின்னா சரி. மைனி வாயில இருந்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்தச் "சரி" என் தொண்டையில் நிற்கிறது.

சரி சொல்லுவதற்கு முன்னால் எனக்கு அந்தச் சக்கரம் புரிய வேண்டும் அல்லவா? சுபியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாமி, நம்ம சாதாரண சைக்கிள்ல டயருக்குள்ள ட்யூப் இருக்கும். காத்து ட்யூப்புக்குள்ள. இது ட்யூப்லெஸ். ட்யூப்பே கெடையாது. டயரும் ரிம்மும் சேந்துதான் காத்தப் பிடிச்சு வைக்குது."

"அப்போ ரிம்முல கம்பி மாட்டுன ஓட்டையெல்லாம் இருக்கே? அது வழியா காத்து போவாதா?"

"அதுக்குத்தான் உள்ளுக்குள்ள டேப்பு ஒட்டியிருக்கு. மாமி, நீங்க என்னவிட நல்லா கேக்கிய."

எனக்கு எதுவும் புரிய வேண்டுமானால் வரவு செலவாகப் பார்த்தால்தான் புரியும், உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பாதியில் விட்டவளுக்கு வேறு வழி என்ன? போனில் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இங்கிலீஷை எழுத்துக்கூட்டி, காற்றுக்கு ஒரு கணக்குப் போட்டேன். வரவுக்கு ஒரே வழி, வால்வு. செலவுக்கு நாலு வழி. கம்பித் துளைகள், அதை டேப் அடைக்கும். வால்வின் அடிப்பாகம், அதை அதன் ரப்பர்த் தலை அடைக்கும். முள் குத்திய இடம், அதை உள்ளே ஊற்றுகிற சீலன்ட் என்ற திரவம் ஓடிவந்து அடைக்கும். நாலாவது, டயரின் விளிம்பு ரிம்மில் உட்காருகிற இடம். அதை எது அடைக்கும் என்பது அப்போது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காற்றின் பலத்தில் அதுவே உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

இத்தனை பாடு எதற்கு என்றும் கேட்டேன். காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் தளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு போகுமாம், சறுக்காதாம். ட்யூப் இருக்கும்போது அப்படிக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுமாம். ட்யூப்பே இல்லாவிட்டால் நசுங்க என்ன இருக்கிறது? கேட்கக் கொள்ளாம், நன்றாகத்தான் இருந்தது.

இனி நீ சிரிக்கிற இடம் வருகிறது. சிரித்து முடித்துவிட்டுக் கேள்.

சீலன்ட் வாங்க வேண்டும் என்று சுபி போனில் தேடிக்கொண்டிருந்தாள். உன் அத்தான் பால் வாளியோடு தோட்டத்திலிருந்து வந்தார்.

"என்னட்டி தேடுத?"

"டயருக்குள்ள ஊத்துத சீலன்ட் மாமா."

"அது எதுல செய்யுதான்?"

"லேட்டக்ஸ்னு போட்டிருக்கு."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, ரப்பர் பாலா? அதையா கடையில போய் வாங்கப் போற? இஞ்ச செரட்டை செரட்டையா ஒழுகிட்டு கெடக்கு!"

"அதுல அமோனியாவும் சேத்திருக்காம் மாமா."

"நாம மட்டும் என்னத்த ஊத்துதோம்? பால் கெட்டிப்படாம இருக்க அதத்தானே ஊத்துதோம்? அந்தக் கம்பெனிக்காரன் இஞ்ச வந்து படிச்சிட்டுப் போயிருப்பான், கேட்டியா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது, லிங்கம். நம் மரத்துப் பாலை விட்டு வெளியில் வாங்குவானேன்? இரண்டு டயரிலும் ஊற்றினார். அப்புறம் ஒரு ஆணியை எடுத்துப் பின் டயரில் குத்தி உருவினார். 'ஸ்' என்று ஒரு சத்தம், ஒரு சொட்டு வெள்ளை, அவ்வளவுதான். அடைத்துக்கொண்டது. உன் அத்தானுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். ஜங்ஷனில் டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாளில் சுபி சொன்னாள். "மாமி, ஓட்டும்போது பின்னால யாரோ ஏறி உக்காந்திருக்க மாதிரி இருக்கு. சக்கரம் துள்ளுது." எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரை நினைத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் சோலியைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை, ரோட்டிலிருந்து நம் முற்றத்துக்கு இறங்குகிற சரிவு இருக்கிறதே, அதன் வளைவில் வேகமாக வந்து திரும்பினாள். 'பொஸ்' என்று ஒரே மூச்சில் பின் சக்கரத்துக் காற்று முழுவதும் போனது. டயர் ரிம்மை விட்டுச் சாடியது. பிள்ளை சரளைக் கல்லில் இழுபட்டு வந்து என் காலடியில் விழுந்தாள். இரண்டு எட்டு தள்ளிக் கிணற்றின் கைப்பிடிச் சுவர். அங்கே மோதியிருந்தால்? அதை எழுத என் கை வரவில்லை.

உன் அத்தான் டயருக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தது ஒரு ரப்பர் உருண்டை. செரட்டையில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பால் மாதிரி, சூட்டில் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, உள்ளே உருண்டுகொண்டு கிடந்திருக்கிறது. சுபிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தது அதுதான். கடைச் சீலன்டில் காயாமலிருக்க வேறு சரக்கும் சேர்ப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அவர் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நாந்தான் பிள்ளய கொல்லப் பாத்தேன்" என்று சொல்லிக் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

செல்வி சைக்கிளைத் தரதரவென்று கிணற்றுப் பக்கம் இழுத்தாள். சுபி ரத்தக் கையோடு போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். ஒருபக்கம் தாய், ஒருபக்கம் மகள்.

"விடுட்டி! ஒருத்தரக் கொண்டு போச்சு. இப்போ உன்னையும் கேக்குது."

"அப்பாக்க சைக்கிள்ம்மா. தள்ளினா நானும் கூடச் சாடுவேன்."

"சாடு பாப்போம்! சாடு!"

நான் நடுவில் போய் நின்றேன். "செல்வி, என் வாயில இருந்து வரட்டும்னு நீதானே சொன்ன? அப்போ நான் பாக்க வேண்டாமா? விடு." அவள் விட்டாள். விட்ட கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சுபியின் கையைக் கழுவி மருந்து போட்டபிறகு முன் டயரையும் கழற்றச் சொன்னேன். இரண்டு சக்கரத்தையும் துணி விரித்து வைத்து உட்கார்ந்தேன். கண்ணை மூடி விரலால் தடவினேன். முன் ரிம்மின் உள்ளே நடுவில் ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் டயர் விளிம்பு உட்காருகிற திட்டு, அந்தத் திட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வயல் வரம்பு மாதிரி மெலிதாக ஒரு மேடு. காற்று அடிக்கும்போது விளிம்பு அந்த வரம்பை ஏறித் தாண்டி, 'டப்' என்று திட்டில் போய் விழும். அப்புறம் வரம்பு அதைத் திரும்பிப் பள்ளத்தில் இறங்க விடாது. நான் கடந்துபோன நாலாவது செலவு வழிக்கு விடை அதுதான்.

பின் ரிம்மைத் தடவினேன். பள்ளம் இருந்தது. திட்டு இருந்தது. வரம்பு இல்லை.

மறுபடி தடவினேன். சுற்றிச் சுற்றித் தடவினேன். இல்லை. ரிம்மின் கறுப்பிலேயே வித்தியாசம் தெரிந்தது. எப்போதோ பழையது நெளிந்து, நீ வேறு ரிம் மாற்றியிருக்கிறாய். இந்த ரிம் ட்யூப் போட்டு ஓட்டுகிற ரிம். இதில் ட்யூப் இல்லாமல் டயரை மாட்டினால் நேராகப் போகும்வரை நிற்கும். வளைவில் சாயும்போது விளிம்பு நழுவும். ரப்பர் பால் ஊற்றினாலும் சரி, கடைச் சீலன்ட் ஊற்றினாலும் சரி.

உன் அத்தானின் மனம் ஆறட்டும் என்று அதை உரக்கச் சொல்லிவிட்டேன். சொல்லி வாயை மூடுவதற்குள் செல்வியின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்போ அவரு அஞ்ச மஸ்கட்டுல இப்டித்தான் ஓட்டினாரா மைனி? இந்த ரிம்மோட மலையில இருந்து இறங்கினாரா?"

நான் ரிம்மைத் துணியில் திரும்ப வைத்தேன்.

"வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம்னு ஒரு நெனப்பு வேண்டாமா மனுசனுக்கு?"

"அப்பா அப்டிச் செய்ய மாட்டாரு" என்று சுபி சொன்னாள். ஆனால் அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை, லிங்கம். செத்துப்போன உன்னைப் பற்றி அன்றைக்கு நம் வீட்டில் மூன்று பெண்களும் ஒரே சந்தேகத்தோடு படுத்தோம். அதைப் போல ஒரு பாரத்தை நீ எனக்குத் தந்ததில்லை.

வெள்ளிக்கிழமை வடசேரி பஸ் பிடித்துப் போய், அங்கிருந்து கோட்டாறு வரை சைக்கிள் கடை கடையாக ஏறி இறங்கினேன். வரம்புள்ள ரிம் வேண்டுமென்றால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், அடுத்த வாரம் ஆகும் என்றார்கள். சரி, பின்னுக்கு ஒரு ட்யூப் போட்டு ஓட்டலாமே என்று கேட்டேன். உன் ரிம்மின் வால்வுத் துளை சிறியது. மெலிந்த வால்வு வைத்த ட்யூப்தான் நுழையும். அந்த அளவு ட்யூப் எங்கும் இல்லை. ஒரு கடைக்காரர், "டேப்ப நல்லா ஒட்டிட்டு அப்டியே ஓட்டச் சொல்லுங்கம்மா, எல்லாவனும் அப்டித்தான் ஓட்டுதான்" என்றார். கிணற்றுச் சுவரைப் பார்க்காதவர், அவரால் சொல்ல முடிகிறது. முன் சக்கரத்துக்காவது இருக்கட்டும் என்று நல்ல சீலன்ட் ஒரு குப்பி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சாயங்காலம் அய்யாவைக் கும்பிடத் தாங்கலுக்குப் போனேன். குறி கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை, அய்யா அதை அனுமதிக்கவும் இல்லை. நான் குறி கேட்கவில்லை. உகப்படிப்பு வழிபாடு முடிந்து நெற்றிக்கு நாமம் வாங்கிவிட்டு, சிலைக்குப் பதிலாகப் பள்ளியறையில் வைத்திருக்கிற கண்ணாடியின் முன்னால் நின்றேன். விளக்குக்கு நடுவில் என் முகம். உன் நெற்றிதான் எனக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் பயந்து சொல்லுகிற வேண்டாமுக்கும், தெரிந்து சொல்லுகிற வேண்டாமுக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? எனக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியில் தெரிந்த பெண்ணுக்கும் தெரியவில்லை.

இன்று காலையில் உன் அத்தான் ஷீட்டை விற்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வியாழனிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மொபெட்டில் ஷீட்டைக் கட்டின கறுப்பு ரப்பர்ப் பட்டையை இழுத்து முறுக்கினார். வெயிலில் என்னவோ மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் பட்டையில் ஒரு வால்வு. மெலிந்த வால்வு.

"இஞ்ச பாருங்க. இது ஏது?"

"இதா? லிங்கத்துக்க சைக்கிள்ல கெடந்தது."

"எங்க கெடந்தது?"

"பின் சக்கரத்துக்குள்ள. பெட்டி பிரிச்ச அன்னைக்கு. ட்யூப்லெஸ்ஸுன்னு பிள்ள சொல்லிச்சுல்லா? பின்ன ட்யூப் எதுக்கு? எவனோ தெரியாம போட்டு அனுப்பிட்டான்னு ஊரி எடுத்து, நான்தான் டேப்பு ஒட்டி வேற வால்வும் மாட்டினேன். நல்ல ட்யூப்பு பாத்தியா, அறுக்க மனசு வரல்ல. ஷீட்டு கட்ட வச்சிருந்தேன்."

மொபெட்டின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டேன். நீ தெரிந்துதான் வைத்திருந்தாய். முன்னால் வரம்புள்ள ரிம், அங்கே ட்யூப் இல்லை. பின்னால் வரம்பில்லாத ரிம், அங்கே ட்யூப். யாரும் தெரியாமல் போட்டதல்ல. பெயரை மட்டும் கேட்டு, இருந்ததை உருவி எறிந்தது நாங்கள்.

"செல்வி! சுபி! ஓடி வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயும் வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் உன் அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ ரெண்டு தடவ நாந்தான் கெடுத்திருக்கேன்" என்றார். பிறகு எதையோ யோசித்து, "ஆனா ஒண்ணு கேட்டியா, அந்த ட்யூப்ப ஊரும்போது ஒரு பவுடர் மணம் அடிச்சுது. முகத்துக்குப் போடுத பவுடரு. டயருக்குள்ள எதுக்குடா பவுடருன்னு அன்னைக்கே நெனச்சேன்."

செல்வி ட்யூப்பை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இத்தனை நாள் வெயிலும் மழையும் பட்டதில் மணம் எங்கே மிஞ்சும்? வால்வின் அடிமடிப்பில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது.

"லீவுக்கு வந்திட்டுப் போகும்போதெல்லாம் எனக்க பவுடர் டப்பா காணாமப் போகும் மைனி. நான் சண்டை போடுவேன். அஞ்ச கெடைக்காதான்னு கேப்பேன். ட்யூப்புக்குப் போட்டா டயர்ல ஒட்டாது, சூட்டுல கிழியாதுன்னு சொல்லுவாரு. எவளுக்குக் கொண்டு போறீரோன்னு கூட ஒருக்க கேட்டிருக்கேன்." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. சுபி போய் அவளைக் கட்டிக்கொண்டாள். வியாழனிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை, லிங்கம்.

அதோடு தீர்ந்ததா? இல்லை. முன் டயரை மறுபடி உட்கார வைக்க வேண்டும். கைப்பம்பின் காற்று அதற்குப் போதாது. ஒரே அடியாகக் காற்று பாய்ந்தால்தான் விளிம்பு வரம்பைத் தாண்டும். ஜங்ஷனில் லாரி டயருக்குக் காற்றடிக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு நானும் சுபியும் உருட்டிப் போனோம். மெலிந்த வால்வை லாரிக் குழாயோடு இணைக்க, பெட்டியோடு வந்த சிறு பித்தளை மூடியை அதில் மாட்டி, விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப்காரர் குழாயைப் பிடித்தார். ஒருபக்கம் 'டப்'. மறுபக்கம் அசையவில்லை. அவர் காற்றை நிறுத்தவில்லை. மீட்டர் முள் ஏறிக்கொண்டே போனது. ரிம்மின் ஓரத்தில் பொடி எழுத்தில் அதன் எல்லை அச்சடித்திருக்கிறது, நான் காலையிலேயே எழுத்துக்கூட்டி வாசித்திருந்தேன்.

"நிறுத்தும்!"

"லாறி டயரே நான் ஏத்துவேன். இந்தச் சைக்கிளுக்கு நீங்க பேடிக்காண்டாம்."

"லாரியில எனக்க பிள்ள போகல்ல. நிறுத்தும்னா நிறுத்தும்!"

அங்கே நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குழாயை எடுத்துவிட்டார். காற்றை முழுக்க இறக்கினேன். திட்டில் ஏறாத பக்கத்தில் மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி, டயரைக் கையால் சுற்றிலும் உருட்டித் தளர்த்திக் கொடுத்தேன். இரண்டாம் தடவை முள் எல்லைக்கு வெகு கீழே இருக்கும்போதே அந்தப் பக்கமும் 'டப்' என்று விழுந்தது. சுபி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்திருக்கிறது. பிறகு வால்வின் உள்ளூசியைக் கழற்றி, அதன் வழியாகச் சீலன்டை ஊற்றி, சக்கரத்தைச் சுற்றி ஆட்டிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து உன் ட்யூப்பைத் தண்ணீர் வாளியில் முக்கிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. உன் அத்தான் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், இறுக்கிக் கட்டினாலும் அறுக்கவில்லை. நீ ஒட்டின பஞ்சர்த் துண்டு ஒன்று, ஓரம் வட்டமாக வெட்டி, இன்னும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. டயருக்குள் வைக்கப் போகும்போது, "நில்லுங்க" என்று செல்வி உள்ளே போனாள். பவுடர் டப்பாவோடு வந்தாள். கிணற்றில் தள்ளப் பார்த்தவள், ட்யூப் முழுக்கத் தட்டித் தடவி அவள் கையாலேயே உள்ளே வைத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இப்போ சொல்லுங்க மைனி. போகட்டுமா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் ஒன்று தெரியவில்லை, லிங்கம். பின் சக்கரத்தில் ட்யூப் இருப்பதால் காற்று குறைந்தால் கல்லில் நசுங்கி ஓட்டை விழும். கூடினால் சரளையில் சறுக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண் வரை என்று போட்டிருக்கிறது, அந்த இடைவெளியில் ஒரு மாடே நடந்து போகலாம். இந்த ரிம், இந்த டயர், இந்த ட்யூப் மூன்றையும் சேர்த்து மலையில் இறக்கிப் பார்த்தவன் நீ ஒருவன்தான். சுபி உன்னைவிட எடை குறைந்தவள், அந்தக் கழிவை நான் போட்டுக்கொள்வேன். கழிப்பதற்கு முதலில் ஒரு எண் வேண்டும்.

"ராத்திரிக்குள்ள சொல்லுதேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒன்று உறுதி சொல்கிறேன். எண் கிடைத்தால் என் கையாலேயே காற்று அடித்து, மீட்டரைப் பார்த்து, விரலால் அமுக்கியும் பார்த்து, சரி என்று செல்வியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். ஓட்டம் முடிகிற கீரிப்பாறை வளைவில் முதல் ஆளாக நிற்பேன். எண் கிடைக்காவிட்டால், ஊகத்தில் உன் மகளை மலையிலிருந்து இறங்க விடமாட்டேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் சரி. அடுத்த வருஷம் வரம்புள்ள ரிம்மோடு போகட்டும். எதுவானாலும் சைக்கிள் கிணற்றுக்குப் போகாது. அதில் இனி ரப்பர் பாலும் ஊற்ற விடமாட்டேன்.

அவனோடு ஓட்டிய கூட்டுக்காரர்களே, இதை அவனுக்குத்தான் எழுதினேன், ஆனால் வாசிக்கப்போவது நீங்கள். புறப்படும் முன்னால் அவன் மீட்டர் வைத்துப் பார்ப்பதை உங்களில் யாராவது பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்லுகிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

லிங்கம், பின் சக்கரத்தில் எவ்வளவு காற்று வைத்தாய்? உனக்கு வழி தெரிந்தால் நீ சொல்லு, இல்லாவிட்டால் அவர்களில் ஒருவனைச் சொல்ல வை.

உன் கூடப்பிறந்தவள், சுபியின் மாமி,
வடிவு அக்கா.

விடிந்ததும் புறப்பட வேண்டும். அதற்கு முன் பதில் வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.